தணிக்கையாளரின் மனச்சான்றும் நிறுவன ஆளுகையும்



ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று இடம்பெறுகிறது. அது எத்தனை பக்கம் நீண்டாலும் அதன் உயிர் ஒரே கூற்றில் அடங்கியிருக்கிறது. இக்கணக்குகள் கம்பெனியின் நிலையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன என்பதே அக்கூற்று. ஓய்வூதியப் பணத்தைப் பங்கில் இட்ட ஆசிரியர் அதை நம்புகிறார். கடன் கொடுக்கும் வங்கி நம்புகிறது. அங்கு வேலைக்குச் சேரும் இளைஞரும் நம்புகிறார். இவர்களுள் எவரும் கம்பெனியின் கிடங்குக்குள் சென்று சரக்கை எண்ணியவர் அல்லர். அதன் வங்கிக் கணக்கைக் கண்ணால் கண்டவரும் அல்லர். தங்களுக்காக ஒருவர் சென்று பார்த்து வந்திருக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுக்குத் துணை. அந்த ஒருவரே தணிக்கையாளர்.

தணிக்கையாளர் ஆண்டு முழுவதும் நிகழ்ந்த ஒவ்வொரு பற்றையும் வரவையும் சரிபார்ப்பதில்லை. இலட்சக்கணக்கான பதிவுகளுள் எவற்றைச் சோதிப்பது, எந்தச் சான்று போதுமானது, எந்த விளக்கத்தை ஏற்பது, எதை ஏற்க மறுப்பது என்பனவற்றை அவரே தேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கணக்கு என்பது எண்களால் ஆயது என்றாலும், அவ்வெண்களுள் பல மதிப்பீடுகளே. வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, இயந்திரத்தின் ஆயுள் எத்தனை ஆண்டு, நிலுவையிலுள்ள வழக்கு என்ன சுமையைக் கொண்டுவரும், இக்கம்பெனி வரும் ஆண்டும் தொடர்ந்து நடக்குமா என்னும் கேள்விகளுக்கு வாய்பாட்டில் விடை இல்லை. அனுபவமும் அறிவும் நேர்மையும் ஒன்றுகூடி எழும் தீர்ப்பே விடையாகிறது.

இத்தகைய கடினமான இடங்களில்தான் தணிக்கையாளர்கள் தவறுகிறார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்தியாவை உலுக்கிய மிகப் பெரிய கணக்கு மோசடியில் தணிக்கை தோற்ற இடம் வேறு. கணக்கு ஏடு முழுவதிலும் மிக எளிதில் சரிபார்க்கத்தக்க இனமாகிய வங்கி இருப்பிலேயே அது தோற்றது. அந்நிகழ்ச்சி இன்றும் ஆராயத்தக்கது.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் 1987இல் இராமலிங்க ராஜுவால் தொடங்கப்பெற்றது. மென்பொருள் துறையில் நாட்டின் முன்னணிக் கம்பெனிகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. 2001இல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. ஏறத்தாழ 50,000 பேர் அங்குப் பணியாற்றினர். 2008ஆம் ஆண்டு சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருதும் அதற்கு அளிக்கப்பெற்றது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

2009 ஜனவரி 7 அன்று ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 அன்றைய ஐந்தொகையில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் அறிவித்தார். வரவேண்டிய வட்டியாகக் காட்டப்பட்ட 376 கோடியும் பொய். கணக்கில் காட்டாத கடன் 1,230 கோடி. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகையில் 490 கோடி மிகைப்படுத்தப்பட்டது. ஆக மொத்தம் 7,136 கோடி ரூபாய். அந்தக் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று வெளியிடப்பட்டிருந்தது. உண்மை வருவாயோ 2,112 கோடி. செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 61 கோடியே. முதலில் சிறிதாக இருந்த இடைவெளி ஆண்டுதோறும் பெருகியது என்றும், புலியின் முதுகில் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவித்த நிலை தமக்கு நேர்ந்தது என்றும் அவர் அதில் கூறியிருந்தார். அன்று ஒரே நாளில் அப்பங்கின் விலை ஏறத்தாழ 180 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியில் கரைந்தது ராஜுவின் செல்வம் மட்டுமன்று. அக்கம்பெனியை நம்பிய எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பும் ஆகும்.

இல்லாத 5,040 கோடி ரூபாய் வங்கியில் இருப்பதாக ஒரு தணிக்கையாளர் எவ்வாறு கையெழுத்திட இயலும்? இக்கேள்விக்கு விடை காண, வங்கி இருப்பு எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். தணிக்கையாளர் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கடிதம் அனுப்புகிறார். இன்ன நாளில் இக்கம்பெனியின் கணக்கில் எவ்வளவு இருப்பு உள்ளது, எவ்வளவு கடன் உள்ளது என்று அதில் கேட்கிறார். வங்கி தன் மறுமொழியை நேரே தணிக்கையாளருக்கு அனுப்புகிறது. கடிதம் எழுதுவதற்கான ஒப்புதலைக் கம்பெனி தர வேண்டும். அதற்கு மேல் இதில் கம்பெனியின் கை படக் கூடாது. கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பவர் தணிக்கையாளர். முகவரியைச் சரிபார்ப்பவர் அவர். மறுமொழியைப் பெற்றுப் பிரிப்பவரும் அவரே. இந்தியத் தணிக்கைத் தரநிலைகளுள் 505ஆம் எண்ணுள்ளது இதையே வற்புறுத்துகிறது.

சத்யம் கம்பெனியின் கணக்குகளை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கை செய்தது. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும், அந்நாட்டின் தணிக்கைக் கண்காணிப்பு வாரியமும் தம் முடிவுகளை வெளியிட்டன. வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் மறுமொழிகளைப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் முற்றிலும் சத்யம் நிருவாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பது அம்முடிவுகளின் சாரம். அந்நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் முறையே 60 இலட்சம் டாலரும் 15 இலட்சம் டாலரும் செலுத்த இசைந்தன. யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர் கையிலேயே வினாத்தாளும் கொடுக்கப்பட்டது, விடைத்தாளும் கொடுக்கப்பட்டது. போலி வைப்பு இரசீதுகளும் போலி விலைப்பட்டியல்களும் அந்த இடைவெளியில் குடிபுகுந்தன.

இந்த விதி புதியதன்று. 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு நடந்தது. அங்கே ஆலை மேலாளர் சரக்கு இருப்பை ஆண்டுதோறும் மிகைப்படுத்திச் சான்று கொடுத்து வந்தார். தணிக்கையாளர்கள் அச்சான்றை அப்படியே ஏற்றார்கள். நீதிபதி லோப்ஸ் தணிக்கையாளரைக் காவல் நாய்க்கு ஒப்பிட்டார். அவர் மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் அல்லர் என்றார். ஐயம் எழாத நிலையில், நம்பத்தகுந்த அலுவலரின் சொல்லை நம்பியது குற்றமாகாது என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு தணிக்கைத் தொழிலுக்கு நெடுங்காலம் நிழல் தரும் மரமாக நின்றது.

அந்த நிழல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1938இன் இறுதியில் அமெரிக்கா கண்டது. மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்னும் மருந்து வணிகக் கம்பெனியின் 8 கோடியே 70 இலட்சம் டாலர் சொத்தில் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டாலர் கற்பனையானது என்பது வெளிப்பட்டது. இல்லாத சரக்கும், இல்லாத கடனாளிகளும் ஏட்டில் மட்டும் வாழ்ந்திருந்தார்கள். அக்கம்பெனிக்கும் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் பெயருடைய நிறுவனமே தணிக்கையாளராக இருந்தது. சரக்கை நேரில் கண்டு சோதிப்பதும், கடனாளிகளுக்கு நேரே எழுதிக் கேட்பதும் அந்நாளில் கட்டாயம் அல்ல. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே, 1939இல், அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு அவ்விரண்டையும் தணிக்கையின் இயல்பான கடமைகளாக ஆக்கியது. எனவே சோதிக்கப்படுபவரிடம் சான்று பெறலாகாது என்னும் பாடம், சத்யம் வீழ்வதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே விலை கொடுத்துக் கற்ற பாடம். அறியாமையால் நேர்ந்த பிழை இதுவென்று எவரும் சொல்ல இயலாது.

அறிந்த விதியை ஒருவர் ஏன் கைவிடுகிறார்? கையூட்டு என்று உடனே விடை சொல்வது எளிது. பெரும்பாலான தணிக்கைத் தோல்விகளில் அதற்குமுன் வேறொன்று நிகழ்ந்துவிடுகிறது. பல ஆண்டுப் பழக்கம், ஐயுறுதலை மரியாதைக் குறைவாகத் தோன்றச் செய்கிறது. எதிரில் இருப்பவர் ஊர் போற்றும் தொழிலதிபர்; விருது பெற்றவர். கணக்கை முடிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. கடிதங்களைக் கம்பெனியின் அலுவலரே அனுப்பி மறுமொழியையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது உதவியாகவே தோன்றுகிறது. அந்த உதவியை ஏற்றுக்கொள்வதில் பணம் கை மாறுவதில்லை, பொய் சொல்லப்படுவதில்லை. ஆயினும் தணிக்கையாளரின் சார்பின்மை அங்கேயே விலை போய்விடுகிறது. நேர்மை பெரும் சோதனைகளில்தான் தோற்கும் என்பதில்லை. இத்தகைய சிறு வசதிகளிலேயே அது பெரிதும் தேய்கிறது.

இதற்கு மேலும் ஒரு வேர் உண்டு. சட்டப்படி தணிக்கையாளரை நியமிப்பவர்கள் பங்குதாரர்கள். நடைமுறையில் அவர் பெயரைப் பரிந்துரைப்பதும், ஊதியத்தைப் பேசுவதும், ஏடுகளைத் திறந்து காட்டுவதும் நிருவாகத்தினரே. யாருடைய கணக்கை ஐயுற வேண்டுமோ அவர் கையிலிருந்தே ஊதியம் வருவதாகத் தோன்றும் நிலையில், தனி மனிதரின் நெஞ்சுரத்தை மட்டும் நம்பி ஒரு நாட்டின் மூலதனச் சந்தை நடக்க இயலாது. இங்கேதான் நிறுவன ஆளுகையின் தேவை எழுகிறது. தணிக்கையாளர் அச்சமின்றி மறுத்துச் சொல்வதற்கேற்ற அரணைக் கம்பெனிக்குள் அமைப்பதே அதன் நோக்கம். அந்த அரண் இயக்குநர் குழுவும், அதன் தணிக்கைக் குழுவும் ஆகும்.

சத்யம் கம்பெனியில் அந்த அரண் காகிதத்தில் குறைவற இருந்தது. புகழ்பெற்ற பேராசிரியர்களும், மத்திய அரசில் அமைச்சரவைச் செயலராக இருந்தவரும் வெளி இயக்குநர்களாக வீற்றிருந்தனர். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேடாஸ் என்னும் இரு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டம் அக்குழுவின் முன் வந்தது. சத்யம் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தலைகீழாகப் படித்தால் வருவதே மேடாஸ் என்னும் பெயர். மென்பொருள் கம்பெனியின் பணம் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் செல்வதை இயக்குநர் குழு ஏற்றது. முதலீட்டாளர்கள் வெகுண்டெழுந்தனர், சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. இல்லாத பணத்தின் இடத்தில் உள்ள சொத்தை வைத்து ஓட்டையை அடைக்கச் செய்த கடைசி முயற்சியே அது என்பதை ராஜுவின் கடிதம் பின்னர் வெளிப்படுத்தியது. அறிஞர்கள் நிரம்பிய அவை கேட்கத் தவறிய கேள்வியைச் சந்தை ஒரே இரவில் கேட்டுவிட்டது. இயக்குநரின் தகுதி அவர் பெற்ற பட்டங்களால் அளக்கப்படுவதில்லை. சங்கடமான கேள்வியை உரிய நேரத்தில் கேட்டாரா என்பதாலேயே அளக்கப்படுகிறது.

சட்டம் தன் வழியில் நடந்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத்திலுள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது; தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்த இருவரும் அவர்களுள் அடங்குவர். மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணை வழங்கப்பட்டது. 2018 ஜனவரியில் செபி பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனங்களைப் பட்டியலிட்ட கம்பெனிகளின் தணிக்கையிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கியது. 2019 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தடையை நீக்கியது. கவனக்குறைவு எங்கே முடிகிறது, உடந்தை எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் வாதிடலாம். பணத்தை இழந்த பங்குதாரருக்கோ அந்த எல்லைக்கோட்டினால் பயன் ஒன்றும் இல்லை.

இந்நிகழ்ச்சியின் பின்னர் சட்டம் வலுப்பெற்றது. கம்பெனிகள் சட்டம், 2013, பட்டியலிட்ட கம்பெனிகளில் தனி மனிதத் தணிக்கையாளர் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேலும், தணிக்கை நிறுவனம் 10 ஆண்டுக்கு மேலும் இருத்தலாகாது என்று வரையறுத்தது. கணக்கெழுதுதல், உள்தணிக்கை, நிருவாகப் பணி போன்றவற்றை அதே தணிக்கையாளர் அக்கம்பெனிக்குச் செய்யக் கூடாது என்றது. அதிகாரிகளோ ஊழியர்களோ 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மோசடி செய்ததாகத் தணிக்கையாளர் நம்பக் காரணம் இருந்தால் மத்திய அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் கடமையும் வந்தது. அச்சட்டத்தின்படி தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் அமைக்கப்பெற்றது. அதுகாறும் பட்டயக் கணக்காளரின் ஒழுக்கத்தை விசாரித்தது அவர்களுடைய கழகமே. பெரிய கம்பெனிகளின் தணிக்கையைப் பொறுத்தவரை அப்பொறுப்பு இப்போது தொழிலுக்கு வெளியே உள்ள ஆணையத்திடம் வந்துள்ளது.

இவை யாவும் நல்ல மாற்றங்கள். ஆயினும் விதிகள் மிகுந்த நாடுகளிலும் அதே பிழை திரும்ப நிகழ்ந்திருக்கிறது. ஜெர்மனியின் வயர்கார்டு, அந்நாட்டின் தலைசிறந்த 30 கம்பெனிகளின் பட்டியலில் இடம்பெற்றிருந்த கம்பெனி. பிலிப்பைன்ஸ் நாட்டின் இரு வங்கிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அதன் 190 கோடி யூரோ இல்லை என்று 2020 ஜூனில் வெளிப்பட்டது. தம் பெயரில் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று அவ்வங்கிகள் அறிவித்தன. ஜூன் 25 அன்று கம்பெனி நொடித்துப்போனதாக மனுச் செய்தது. வங்கியின் நேரடி மறுமொழிக்கு மாறாக, பணத்தைப் பொறுப்பில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட இடையாளர் தந்த உறுதியைத் தணிக்கையாளர் நம்பியமை கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சத்யம் வீழ்ந்து 11 ஆண்டுகள் கழிந்த பின்னும், உலகம் முழுதும் அவ்வழக்கைப் பாடமாகப் படித்த பின்னும் இது நிகழ்ந்தது. விதி வழியைக் காட்டும். அவ்வழியே நடப்பது மனிதரின் மனவுறுதியைப் பொறுத்தது.

இவ்வுறுதிக்கு வேண்டிய சிந்தனை இந்த அவைக்குப் புதியதன்று. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களை வகுத்துள்ளார். பொய் ஆவணம் எழுதுதலாகிய கூடலேகக் கிரியை அவற்றுள் ஒன்று. அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரம் இன்னொன்று. ஒப்படைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, ஆம் அவ்வளவே என்று சொல்லி மீதியை வைத்துக்கொள்வது இக்குற்றம் என உரையாசிரியர்கள் விளக்குவர். இது களவின்கீழ் வைக்கப்படாமல் வாய்மையின்கீழ் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. பிறர் பொருளைப் பொறுப்பில் கொண்டவர், கேட்டவருக்கு முழுமையும் சொல்லக் கடமைப்பட்டவர். கம்பெனியின் இயக்குநரும் தணிக்கையாளரும் பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்றவர்களே.

இவற்றிலிருந்து நாள்தோறும் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள் கிடைக்கின்றன. தணிக்கைத் தொழிலில் புகுந்துள்ள இளையோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது: சான்று எங்கிருந்து வந்தது, எவர் கை வழியாக வந்தது என்பதைக் கேட்காமல் எந்தக் காகிதத்தையும் கோப்பில் சேர்க்கலாகாது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்னும் அச்சம் எழும்போது, அந்த அறிக்கை அவருக்காக எழுதப்படுவதன்று என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். கேட்டதற்காக வருந்தும் நேர்மையாளர் அரியர்; நேர்மையான கணக்குடையவருக்குச் சோதனை மதிப்பையே சேர்க்கும்.

பங்குகளில் சேமிப்பவர்கள் ஆண்டறிக்கையின் வண்ணப் படங்களுக்கு முன்பாகத் தணிக்கையாளர் அறிக்கையைப் படிப்பது நன்று. மறுப்போ நிபந்தனையோ இன்றிக் கருத்துச் சொல்லியிருக்கிறாரா, எந்தப் பொருளைச் சிறப்பாகச் சுட்டியிருக்கிறார், நடுவில் விலகிச் சென்ற தணிக்கையாளர் எவரேனும் உண்டா, உரிமையாளர் குடும்பத்தின் பிற கம்பெனிகளுடன் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்னும் நான்கையும் பார்த்தாலே பல ஆபத்துகள் முன்னரே புலப்படும்.

அறக்கட்டளைகளுக்கும், ஆலய நிருவாகங்களுக்கும், சங்கங்களுக்கும் இதே நெறி பொருந்தும். தொகை சிறிதாயினும் பொறுப்பு ஒன்றே. பொருளாளர் தட்டச்சு செய்து தரும் இருப்புப் பட்டியலோடு நின்றுவிடாமல், வங்கி அனுப்பும் கணக்கு விவரத்தை நிருவாகிகளுள் மற்றொருவரும் நேரே பெற்றுப் பார்த்தல் வேண்டும். காசோலைகளில் இருவர் கையொப்பம் இருத்தல் வேண்டும். வைப்புத் தொகை இரசீதுகளை ஆண்டுக்கு ஒருமுறை வங்கியுடன் ஒப்பிட வேண்டும். பொதுக்குழுவில் கணக்கைப் பற்றிக் கேள்வி எழுப்புபவரைப் பகைவராக எண்ணும் வழக்கம் நீங்க வேண்டும். ஒருவரை நம்புவதும் அவர் தரும் கணக்கைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நல்ல பொருளாளருக்குத் தம் கணக்கு மற்றொருவரால் சரிபார்க்கப்பட்டது என்பதே பெரும் பாதுகாப்பு. அவர் பொறுப்பிலிருந்து விடைபெறும் நாளில் அவர் பெயருக்கு அதுவே சான்றாக நிற்கும்.

வரும் பொதுக்குழுவில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது, இந்த இருப்பை வங்கியிலிருந்து நேரே உறுதி செய்தவர் யார் என்று இங்குள்ளவர்களுள் ஒருவர் எழுந்து பணிவுடன் கேட்பாராயின், இவ்வுரை தன் பயனை அடைந்ததாகும்.

அறம் தழைக்க.